கடைசிக்கு முந்தின ஆள்

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான்" என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே கோடு கிழித்து, கையிலிருந்த சோக் தூளைத் தட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிற ஆசிரியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகும். பென்சன் எடுத்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்த வரியை எங்காவது கேட்டால் சூடாகத்தான் செய்கிறது. நான் பேசத் தொடங்கினால் என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து கடைத்தெருப் பக்கம் போய்விடுவார். போகட்டும், ஆயுள் முழுக்கக் கேட்டவர்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் விஞ்ஞானப் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகராக இருந்தேன். கேகாலைப் பக்கத்திலும் இரத்தினபுரிப் பக்கத்திலும் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், வகுப்பில் பின் வரிசை வாங்கில் உட்கார்ந்து, பாடம் முடிந்ததும் ஆசிரியரோடு பேசி, எது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று பார்ப்பது என் வேலை. பேர்தான் பெரிசு. பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் மலை ஏறத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி, வாயை மூடிக்கொண்டிருப்பது. அது எனக்கு வரவே இல்லை.

கூர்ப்புப் பாடம், அதாவது பரிணாமம், புத்தகத்தின் கடைசியில் இருந்தது. கடைசியில் இருக்கிற எதுவும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நடக்காது. மழை பெய்து பாதை சரிந்தால் ஒரு வாரம் போகும், கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் போகும், அதற்குள் பரீட்சை வந்துவிடும். அப்படியும் நடத்துகிறவர்கள் அந்த ஒற்றை வரியை எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். பயிற்சி வகுப்பில் நான் இதைக் கேட்டால், "டீச்சர், அதிலயிருந்து ஒரு கேள்வி வந்தாலே பெரிசு" என்பார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்குப் பொறுப்பாக எங்கள் கல்வி அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். அவரும் அதையே சொன்னார். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதுக்கு? எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும் முதல்ல." அவரும் தமிழர்தான். டவுனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். தோட்டம் என்ற சொல்லை அவர் வாயில் வைத்துக்கொள்கிற விதமே எனக்குப் பிடிக்காது, கசப்பு மருந்தை நாக்கில் படாமல் விழுங்கப் பார்க்கிற மாதிரி.

நடத்தத் தெரியாத ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பயிற்சி வகுப்பில் நான் வழக்கமாக ஒன்றைக் கேட்பேன். தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். முதல் வருசம் எல்லாம் கருகிப்போகிறது. சில வருசம் கழித்து அதே மருந்தை அடித்தால் புல் சிரித்துக்கொண்டு நிற்கிறது. ஏன்? எல்லோரும் ஒரே குரலில், "மருந்து குடிச்சுக் குடிச்சு புல்லுக்குப் பழகிப்போச்சு" என்பார்கள். மருந்து குடித்த புல் என்ன ஆகும் என்று திரும்பக் கேட்பேன். செத்துப்போகும் என்பார்கள். செத்த புல் எப்படிப் பழகும் என்பேன். அப்போதுதான் பேனாவைக் கையில் எடுப்பார்கள். ஆயிரம் புல்லில் ஏதோ நாலைந்து பிறவியிலேயே கொஞ்சம் வேறு மாதிரி இருந்தன, மருந்து அவற்றை மட்டும் கொல்லவில்லை, அடுத்த வருசம் முளைத்தது முழுக்க அவற்றின் விதை. எந்தப் புல்லும் பழகவில்லை, எந்தப் புல்லும் முயற்சி எடுக்கவில்லை. இதை ஓர் ஆசிரியர் விளங்கிக்கொண்டால் கூர்ப்பில் முக்கால்வாசி விளங்கிவிட்டது என்று அர்த்தம். விளங்கினவர்களின் முகத்தைப் பார்க்கத்தான் நான் அந்த பஸ்களில் ஏறினேன்.

அப்படி விளங்கின ஒருத்தி அரநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். குருவிட்டப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அவள் வருகிறவரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாட நேரம் என்றால் பிள்ளைகள் முற்றத்தில் புல் செதுக்குகிற நேரம். அவள் வந்து பாடத்தைப் பதினோராம் வகுப்புவரை கொண்டுவந்தாள். அந்த வருசம் முதன்முதலாக ஒரு வகுப்பு சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் எழுதப்போகிறது. சித்தியடைந்தால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் கொழுந்துக் கூடை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அந்த மலையில் இடையில் வேறு வழி கிடையாது.

எல்லாம் கெட்டது ஒரு படத்தால்.

அந்தப் படம் எங்கள் அலுவலகத்துக்குக் கட்டுக்கட்டாக வந்தது. யாரோ நன்கொடையாக அச்சடித்துக் கொடுத்ததாம். இனாமாக வந்ததை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். மனிதனின் கூர்ப்பு என்று மேலே பெரிய எழுத்து. இடது பக்கத்தில் நாலு காலில் ஒரு குரங்கு. அடுத்தது கொஞ்சம் நிமிர்ந்தது, அடுத்தது இன்னும் கொஞ்சம். கடைசிக்கு முந்தின ஆள் கன்னங்கரேலென்று, முதுகு வளைந்து, வேட்டையில் அடித்த மிருகத்தை முதுகில் தொங்கப்போட்டு அதன் காலை நெற்றிக்கு மேலே இழுத்துப் பிடித்திருந்தான். கடைசி ஆள் வெள்ளைவெளேரென்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வகிடெடுத்த தலையோடு நின்றான்.

பாடத்துக்குப் படம் கிடைப்பதே அபூர்வம். அவள் சந்தோசமாகச் சுவரில் ஒட்டினாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நீள மண்டபந்தான். இடையில் பலகைத் தட்டி வைத்து வகுப்புப் பிரித்திருப்பார்கள். பெற்றோர் கூட்டமும் அங்கேதான். கூட்டத்துக்கு வந்தவர்கள் வாங்கில் உட்கார்ந்து, அதிபர் பேசுகிற நேரமெல்லாம் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுநாள் தொழிற்சங்கத் தலைவரும் நாலைந்து பெற்றோரும் அதிபரிடம் வந்து படத்தைக் கழற்றச் சொன்னார்கள். இந்தப் பாடம் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றார்கள். அதிபர் பயந்த மனுசர். ஏன் என்றுகூடக் கேட்காமல், மதப் பிரச்சினை என்று அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டார்.

அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "சாமி, பூசைன்னு கிடக்கிற சனம். குரங்குன்னா ரோசம் வருமா வராதா? அந்த டீச்சர் பிள்ளையை வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவோம். நீங்க ஒருக்காப் போய்ச் சமாதானமாப் பேசிட்டு வாங்க" என்றார்.

"சேர், குரங்கு முகத்துச் சாமியையும் யானை முகத்துச் சாமியையும் விழுந்து கும்பிடுற சனம் அது. அவங்களுக்கு எதுக்குக் குரங்குன்னா ரோசம் வருது?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எல்லாம் விதண்டாவாதம்" என்றார். மாற்றம் பற்றிப் பிறகு பார்க்கலாம், நான் போய் வந்து சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்.

நான் போன அன்று பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு சனம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பெண்கள் இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அந்தப் பிள்ளை, டீச்சர், தட்டி ஓரமாகச் சுவரோடு சுவராக நின்றாள். படத்தைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தார்கள்.

தலைவர்தான் முதலில் பேசினார். "நாங்க படிப்பு வேணாம்னு சொல்லலங்க டீச்சர். இந்தப் பாடந்தான் வேணாங்கறோம்."

"ஏன் வேணாம்? குரங்குன்னு சொன்னதாலயா? சாமி விசயமா?"

தலைவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பதினோராம் வகுப்பில் படிக்கிற ஒரு பெண் பிள்ளையின் தாய். "கொரங்கப் பத்தி இங்க யாருங்க பேசுனா? கொரங்குல இருந்து வந்தா வந்துட்டுப் போவுது. எங்க ஊட்டு ஆம்பளயப் பாத்தா எனக்கே அந்தச் சந்தேகந்தான்." எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மூலைக்குப் போய்ப் படத்தை எடுத்து மேசையில் விரித்தாள். "இந்தா, இந்தக் கடைசிக்கு முந்துன ஆளப் பாருங்க. கருப்பா, முதுகு வளஞ்சு, தலையில மாட்டி முதுகுல தொங்கவிட்டுக்கிட்டு நிக்கிறது யாரு? கூடையோட மலைக்குப் போற நாங்கதானே? அவனுக்கு அடுத்து நிக்கிறது யாரு? தொர. எம் மக ஊட்டுக்கு வந்து கேக்குது டீச்சர், நாம எத்தனாவதும்மான்னு."

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அவள் சொன்ன பிறகு அதில் வேறு எதுவும் தெரியவில்லை.

டீச்சர் அழுகிற குரலில், "நான் அப்புடிச் சொல்லித் தரலங்க" என்றாள்.

"நீங்க சொல்லலம்மா. படம் சொல்லுதே."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தத் தாய்மேல் இல்லை, அவள் சொன்னது முழுக்கச் சரி. படம் வரைந்தவன்மேல் வந்தது. கட்டைப் பிரிக்காமல் அனுப்பின எங்கள் அலுவலகத்தின்மேல் வந்தது. இந்தச் சனத்தைப் பார்த்தவுடன் சாமி, பூசை, மூடநம்பிக்கை என்று எழுதி முடித்துவிடுகிற அந்த அதிகாரியின்மேல் இன்னும் கூடுதலாக வந்தது. இவர்கள் விஞ்ஞானத்தை எதிர்க்கவில்லை. விஞ்ஞானம் என்ற பேரில் சுவரில் ஒட்டிய ஒரு பொய்யை எதிர்த்தார்கள். பொய்தான் அது. கூர்ப்பு ஏணி இல்லை. கடைசிப் படியில் வெள்ளைக்காரனை ஏற்றி நிறுத்துவதற்கு யாரும் அதைக் கட்டிவைக்கவில்லை. இன்றைக்குக் காட்டில் தாவுகிற குரங்கு நம்முடைய பாட்டன் இல்லை, ஒரே மூதாதையிலிருந்து பிரிந்துபோன பங்காளி. இதைச் சொல்லித்தரத்தான் எனக்குச் சம்பளம். என் அலுவலகமோ அந்தப் பொய்யை இனாமாக விநியோகித்துக்கொண்டிருந்தது.

படத்தை நாலாகக் கிழித்துப் போட்டேன். அரசாங்கச் சொத்து என்று அதிபர் முனகினார். கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"அம்மா, நீங்க சொன்னது சரி. படம் பிழை. இந்தப் பாடத்தை இன்னொருக்கா இந்த டீச்சரே எடுப்பாங்க. நீங்களும் வந்து நின்னு பாருங்க. அப்பவும் பிடிக்காட்டிச் சொல்லுங்க" என்று சொன்னேன். தலைவர் அந்தத் தாயைப் பார்த்தார். அவள் சரி என்று தலையசைத்த பிறகுதான் அவரும் அசைத்தார்.

அன்றைக்கு பஸ் போய்விட்டது. டீச்சர் தங்கியிருந்த காம்பராவில் நானும் தங்கினேன். சோறு ஆக்கிக்கொண்டே இருவரும் பாடத்தைப் பிரித்துப் போட்டோம். ஏணி வேண்டாம், மரம் வரையலாம் என்றேன். மரத்திலும் உச்சி இருக்கும், உச்சியில் யார் என்று பிள்ளைகள் கேட்கும் என்றாள் அவள். அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, "தேயிலைக்கு உச்சி இல்லையே டீச்சர்" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. கட்டிப்பிடிக்கவும் செய்தேன், கையில் வெங்காயத்தோடு.

மறுநாள் நடந்த பாடத்தை நான் எத்தனையோ பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பழைய விதைத் தேயிலை மலைக்குக் கூட்டிப்போனாள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு செடியிலிருந்து ஓர் இலை கொண்டுவந்து தரையில் பரப்பினார்கள். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், ஒன்று கரும்பச்சை, ஒன்று மஞ்சள் ஓடியது. எல்லாம் தேயிலை, ஒன்றுபோல ஒன்று இல்லை. வறட்சி வந்தால் இந்த மலையில் எல்லாச் செடியும் சாகுமா என்று கேட்டாள். சிலது சாகும், சிலது தாங்கும் என்றார்கள். தாங்கினதன் விதை எப்படி இருக்கும் என்று கேட்டாள். புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் கேட்டாள். ஒரு பையன் "பழகிப்போச்சு" என்றான். செத்தது எப்படிடா பழகும் என்று பக்கத்துப் பையனே அவன் தலையில் தட்டினான்.

அதற்குப் பிறகுதான் ஒரு செடியைக் காட்டினாள். கீழே ஒரே அடிமரம். அதிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து போகிறது. உள்ளே பட்டுப்போன கிளைகள் கிடக்கின்றன, அவை அழிந்துபோன உயிர்கள். மேலே, கவ்வாத்து வெட்டிக் கொழுந்து பறித்துப் பறித்து ஒரே மட்டமாக நிற்கிற நுனிகள், இன்றைக்கு உயிரோடு இருக்கிற எல்லாம். எந்த நுனியும் எந்த நுனிக்கும் மேலே இல்லை. எந்த நுனியும் இன்னொரு நுனியிலிருந்து முளைக்கவில்லை. எல்லாம் கீழே எங்கேயோ ஒரு கவட்டில் பிரிந்தவை.

"அப்ப கொரங்கும் நாமளும் ஒரே மட்டமா டீச்சர்?" என்று கேட்டது அந்தத் தாயின் மகள்.

"ஆமா. அதுக்கு அதோட வேல, நமக்கு நம்மளோட வேல."

பாதை ஓரத்தில் பெற்றோர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாய் அங்கிருந்தே கத்திக் கேட்டாள். "அப்ப தொர?"

"தொரயும் அதே மட்டந்தாங்க" என்றாள் டீச்சர்.

சனம் சிரித்த சிரிப்பு மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அந்தத் தாய் இந்தத் தடவை சிரித்தாள். நான் முப்பது வருசத்துக்குக் கிட்ட இந்தத் தொழிலில் இருந்தவள், இதைவிடச் சுத்தமாகக் கூர்ப்பை நடத்தி எங்கேயும் பார்த்ததில்லை.

அலுவலகத்துக்கு வந்து அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதப் பிரச்சினை இல்லை, படம் பிழை, மற்றப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் அதைத் திருப்பி எடுக்க வேண்டும், அந்த டீச்சரை அசைக்கக்கூடாது என்றேன். அவர் கேட்டுக்கொண்டே தேநீர் குடித்து முடித்தார். மாற்றக் கடிதம் போய்விட்டது என்றார். நான் தோட்டத்துக்குக் கிளம்பின அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னைச் சமாதானம் பேச அனுப்பியது ஒப்புக்கு. அவளை மாகாணத்தின் மறுகோடியில், எம்பிலிப்பிட்டிய போகிற வழியில், ஏற்கனவே விஞ்ஞான ஆசிரியர் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போட்டிருந்தார்.

"பரீட்சை முடியும் மட்டுமாவது விடுங்க சேர்."

"போட்டது போட்டதுதான். அவளோட பாதுகாப்புக்குத்தான் செஞ்சது."

"யாரிடமிருந்து பாதுகாப்பு?" என்று நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அந்தச் சனமே அலுவலகத்துக்கு வந்தது. ஒருநாள் பேர், அதாவது அன்றையக் கூலி, போனாலும் பரவாயில்லை என்று வேலையை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி, தலைவரும் அந்தத் தாயும் இன்னும் பல பேரும். மத்தியானம்வரை வெளியே நிற்க வைத்துவிட்டுத்தான் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். அந்தத் தாய் கும்பிட்டுச் சொன்னாள்: "நாங்க கழட்டச் சொன்னது படத்தங்க. டீச்சர இல்ல."

"அன்றைக்கு வேண்டாம்னீங்க, இன்றைக்கு வேணுங்கிறீங்க. உங்க இஷ்டத்துக்கெல்லாம் ஆட இது காலையில பேர் கூப்பிடுற தோட்டத்துப் பிரட்டுக்களம் இல்ல" என்றார் அவர். அவள் மறுபடி கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். வெளியே வந்து என்னைப் பார்த்து, "போயிட்டு வர்றோம் டீச்சர்" என்றாள். பஸ் ஏறுகிறவரைக்கும் அவர்களோடு நின்றேன், அதற்கு மேல் எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை.

புது ஆசிரியர் வரவில்லை. யார் அந்த மலைக்கு வருவார்கள்? நான் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை ஏறிப்போய் என்னால் ஆனதைச் சொல்லிக்கொடுத்தேன். அது பசிக்குத் தண்ணீர் குடித்த கதை. விஞ்ஞானத்தில் ஒரு பிள்ளையும் சித்தியடையவில்லை. "நாம எத்தனாவது" என்று கேட்ட அந்தப் பெண் பிள்ளையை அடுத்த வருசம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பார்த்தேன், கூடையை இறக்கிவைத்துவிட்டு நிறுவைக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டு சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வருடாந்தக் கூட்டம். அதிபர்கள், ஆலோசகர்கள் எல்லோரும் மண்டபம் நிறைய இருந்தோம். அதிகாரி ஒவ்வொரு பள்ளிக்கூடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் முறை வந்ததும் முகம் மலர்ந்து, அங்கே முன்பு கூர்ப்புப் பாடத்தால் பெரிய பிரச்சினை இருந்தது, சமயோசிதமாகத் தீர்த்தோம், அதற்குப் பிறகு ஒரு புகார்கூட வந்ததில்லை என்றார். சிலர் கைதட்டினார்கள்.

நான் எழுந்து நின்று, "அங்க இப்ப விஞ்ஞானமே இல்ல சேர்" என்றேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பள்ளிக்கூடத்தின் பேரை வாசித்தார்.